அவிழ்க்க விதியில்லாத காப்பு

சாத்விக போஜன சபைக்கு என்னைப் பிடிக்காமல் போனதில் தவறே இல்லை. நான் ஈப்போ பசாரில் மதார் சாகிப் கடையில் ஆட்டிறைச்சி வெட்டுகிறவன், பெயர் சன்னாசி. இவ்விரண்டையும் ஒரே மூச்சில் சொன்னால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். அவர்கள் தனியாகச் சிரிக்க வேண்டாமே என்று நானும் சிரிப்பேன். இதுவரை சிரிக்காதவர் ஒருவர்தான்: சபைத் தலைவர் பத்துமலைக் கிராணியார்.

பழைய தோட்டக் கணக்கரான கிராணியாரைச் சுங்காய்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்திலிருந்தே எனக்குத் தெரியும். ரப்பர்ப் பால் நிறுக்கும் கொட்டகையில் நின்று, எங்கள் வாளிகளில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று கண்டுபிடித்து எடையைக் குறைப்பது அவர் வேலை. தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது நாங்கள் சட்டி பானையோடு ஈப்போவுக்கு வந்தோம். அவர் சேமநிதியோடு வந்தார். வந்த இடத்தில் அவருக்கு நிறுக்க ஒன்றும் இல்லை. ஒரு மனிதர் எத்தனை நாள்தான் சும்மா இருப்பார்? சபையைத் தொடங்கினார்.

சபை, வாத்து வறுக்கும் சீனர் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. வாடகை மலிவு. மாலைக் கூட்டங்களில் புலால் மறுப்பைப் பற்றிப் பேச்சு சூடு பிடிக்கிற நேரத்தில்தான் கீழே அடுப்பும் சூடு பிடிக்கும். மேலே வரும் மணத்துக்கு உறுப்பினர்கள் மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டும் என்று ஒரு தீர்மானம் இருந்தது. பேச்சாளர் பொத்த வேண்டியதில்லை; குரல் மாறிவிடும்.

சபையில் படிகள் உண்டு. மீன், இறைச்சி, முட்டையை விட்டவருக்கு வெள்ளைத் துண்டு. வெங்காயமும் பூண்டும் போனால் மஞ்சள். மண்ணுக்கு அடியில் விளையும் எதையும் தொடாதவருக்குக் காவி. அதற்கும் மேலே, உப்பையும் அடுப்பில் வைத்ததையும் விட்டவருக்கென்று ஒரு பட்டுத் துண்டு கண்ணாடிப் பெட்டிக்குள் மடித்திருந்தது. அதை ஒருவர் வாங்குவார் என்று கிராணியாரே எதிர்பார்க்கவில்லை. பெட்டி அழகாக இருக்கட்டும் என்று வைத்தது. அவர் வெள்ளைத் துண்டோடு நின்றுவிட்டார். "தலைவர்னா எல்லாருக்கும் பொதுவா நிக்கணும்லா," என்பார்.

அந்தப் பட்டுத் துண்டை வாங்கியவள் என் மகள் நவமணி. பதினாறு வயது, நாலாம் படிவம்.

தொடக்கத்தில் அவள் சபைக்கெல்லாம் போகவில்லை. வீட்டில் தட்டைத் தள்ளினாள், அவ்வளவுதான்.

"பசிக்கலம்மா."

"என்னாடி பசிக்கல? எவ வீட்டுல தின்னுட்டு வந்த?" என்று என் மனைவி நல்லம்மாள் அகப்பையை ஓங்கினாள். தோட்டத்துக் கூலி லயத்தில் வளர்ந்தவள் அவள். சோற்றை மிச்சம் வைக்கிற பிள்ளை அவளுக்குத் திமிர் பிடித்த பிள்ளை.

மறுவாரம் நவமணி மணிக்கட்டில் மஞ்சள் நூலோடு வந்தாள். தைப்பூச விரதத்துக்காகச் சபையில் பள்ளிக்கூடப் பெண்களுக்குக் காப்பு கட்டினார்களாம்.

"விரதம்மா," என்றாள்.

நல்லம்மாள் அகப்பையைக் கீழே வைத்தாள். "மொதல்லயே சொல்லக் கூடாதா ஆத்தா," என்று கையைக் கழுவிக்கொண்டு, புதுச் சட்டி வாங்கப் போனாள்.

சாப்பிடாமல் இருப்பதற்கு எங்கள் சனத்தில் ஒரே ஒரு கதவுதான் திறந்திருக்கிறது. அதில் தோரணமும் கட்டியிருக்கிறது. என் மகள் அதைக் கண்டுபிடித்துவிட்டாள்.

காப்பின் சட்டம் எல்லோருக்கும் தெரியும். கட்டியவர்தான் அவிழ்க்க வேண்டும். நாமாக அவிழ்த்தால் முருகனுக்குக் கோபம் வரும். அவர் மன்னித்தாலும் பக்கத்து வீட்டுக்காரர்கள் மன்னிக்க மாட்டார்கள். நான் பின்பக்கத்துக் குழாயில் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வரலாம் என்று ஆயிற்று. என் தட்டு கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் போனது. கோழிகள் என்னை மரியாதையாக நடத்தின.

தைப்பூசம் முடிந்தது. மற்றப் பெண்களுக்கெல்லாம் காப்பை அவிழ்த்தார்கள். அன்று மாலை எங்கள் கடையில் கூட்டம் அலைமோதியது. நவமணிக்கு மட்டும் அவிழ்க்கவில்லை. காரணம் சொல்லக் கிராணியாரே வீட்டுக்கு வந்தார். நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்தார்.

"அத்தன பிள்ளைங்க காப்பு கட்டினாங்க சன்னாசி. பூசம் முடிஞ்சதும் அவுத்துட்டுக் கோழிக்கடைக்கு ஓடிட்டாங்க. ஒங்க பிள்ளை ஒண்ணுதான் நிக்குது. இதையும் அவுத்துட்டா நான் யாரக் காட்டுறது? பங்குனி உத்திரம் வரைக்கும் இருக்கட்டும்லா."

நவமணியின் முகத்தைப் பார்த்தேன். அவளைக் கட்டாயப்படுத்துகிறார்கள் என்று நினைத்துத்தான் பார்த்தேன். தேர்வில் தேறியவள் போல அவள் நின்றாள்.

பங்குனி உத்திரம் சித்ரா பௌர்ணமி ஆயிற்று. வெங்காயம் போனது, உருளைக்கிழங்கு போனது, உப்பு போனது. கடைசியில் ஒரு வெள்ளரிக்காயைச் சல்லாத்துணி போல மெல்லிசாக அரிந்து, ஒவ்வொரு துண்டையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்துச் சாப்பிட்டாள். ஈப்போ வெயிலில், தார் உருகுகிற மத்தியானத்தில், கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு நடுங்கினாள். சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வந்தது.

"தவம் பண்ணா ஒடம்பு குளுந்துதான் போகும்," என்றார் கிராணியார். "இமயமலையில இருக்கிறவங்கள்லாம் வேர்த்தா கெடக்காங்க?"

இன்னொன்றும் நின்றுபோனது. அதை நல்லம்மாள் என்னிடம் சொல்லக் கூசினாள். மாதர் பிரிவுத் தலைவியான கிராணியார் மனைவி பாப்பா அம்மையாரிடம்தான் போய்ச் சொன்னாள். மூன்று மாதமாகப் பிள்ளை வீட்டுக்குத் தூரமாகவில்லை, பயமாக இருக்கிறது என்று. அம்மையார் கண்ணில் நீர் வந்துவிட்டதாம், ஆனந்தத்தில். மறு வெள்ளிக்கிழமை மாதர் கூட்டத்தில் ஒலிபெருக்கி வைத்தே பேசினார்: "நம்மள மாதிரி மாசத்துக்கு மூணு நாள் கோயிலுக்கு வெளியில நிக்கிற ஒடம்பு இல்ல அது. தீட்டே இல்லாத பிள்ளை. நம்ம வீட்டுப் பிள்ளைங்களும் இப்படி ஆகணும்னு எல்லாரும் வேண்டிக்குங்க." பெண்கள் கண்ணை மூடி வேண்டிக்கொண்டார்கள்.

அதன் பிறகு ஒரு நாள் பாத்திரம் கழுவும்போது காப்பு தானாகவே நவமணியின் கையை விட்டு நழுவி விழுந்தது. முடிச்சு முடிச்சாகவே இருந்தது, கைதான் இல்லை. எனக்குச் சந்தோஷம். முருகனே கழற்றிவிட்டார் என்று சபைக்கு ஓடினேன். நிர்வாகக் குழு அவசரமாகக் கூடியது. கை சிறுத்தது காப்பின் குற்றமல்ல என்று தீர்மானித்து, அதே காப்பை முழங்கைக்கு மேலே ஏற்றிவிட்டார்கள். அங்கே அது அளவாக உட்கார்ந்தது.

"பாத்தியா," என்றார் கிராணியார். "அதுக்குன்னே அளவெடுத்த மாதிரி இருக்கு."

மறுநாள் கடையில் எலும்பு வெட்டும்போது என் கத்தி இரண்டு தடவை மரத்தில் இறங்கியது. மதார் சாகிப் கல்லாவை விட்டு எழுந்து வந்தார்.

"என்னாப்பா, விரலு ஒனக்குக் கூடுதலா இருக்கா?"

சொன்னேன். அவர் தாடியைச் சொறிந்தார்.

"நாங்களும் நோன்பு பிடிக்கிறோம் சன்னாசி. பொழுது சாஞ்சா பாங்கு சொல்லுவாங்க. சொன்ன ஒடனே தொறக்கணும். பிடிக்கிறது எப்புடிக் கடமையோ, தொறக்கிறதும் அப்புடித்தான். ஒங்க சபையில பாங்கு சொல்ற ஆளு யாரு?"

எனக்குத் தெரியவில்லை. "ஒலிபெருக்கி இருக்கு பாய்," என்றேன்.

"இத மொதல்ல டாக்டர்கிட்ட காட்டு. வேன எடுத்துக்க."

அரசாங்க ஆஸ்பத்திரியில் லத்தீபா என்கிற இளம் டாக்டர் இருந்தார். நவமணியின் நாடியைப் பிடித்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தையே வெகுநேரம் பார்த்தார். பிறகு எங்களை வெளியே அனுப்பிவிட்டு அவளோடு தனியாகப் பேசினார். கூப்பிட்டபோது அவர் குரல் தாழ்ந்திருந்தது.

"இது விரதம் இல்லண்ணே. சீக்கு. சாப்பாடுன்னா அதுக்குப் பயம். பள்ளிக்கூடத்துக்கு நர்ஸ் மிசி வந்து எடை பாத்திருக்காங்க. மத்த பிள்ளைங்களுக்குக் கேக்கிற மாதிரி எத்தன கிலோன்னு சத்தமா சொல்லியிருக்காங்க. எல்லாம் சிரிச்சு, 'கெமுக்'னு பேரு வச்சிருக்குதுங்க. அங்கதான் ஆரம்பம்."

கெமுக் என்றால் மலாயில் குண்டு. என் மகள் குண்டு என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. பசாரில் நாங்கள் நல்ல ஆட்டைத்தான் அப்படிச் சொல்வோம், பாராட்டாக.

"மரக்கறி சாப்பிட்டா இப்படி ஆகுமா டாக்டர்?"

"மரக்கறி என்னா பண்ணுச்சு? இங்க ஒரு நர்ஸ் பொறந்ததுல இருந்து சைவம். நம்ம ரெண்டு பேரையும் ஒரே கையில தூக்குவாங்க. ஒங்க பிள்ளை சைவமும் சாப்பிடலயே. இருதயம் ரொம்ப மெதுவா அடிக்குது. இப்பவே வார்டுல படுக்கணும்."

"தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிடுவீங்களா?" என்று நல்லம்மாள் அழ ஆரம்பித்தாள். மனநோய் ஆஸ்பத்திரி அங்கேதான்; எங்கள் ஊரில் ஒருவரைப் பைத்தியம் என்று சொல்ல அந்த ஊர்ப் பெயரைச் சொன்னால் போதும்.

"இல்லக்கா. இங்கதான், எங்கிட்டதான்."

நவமணி கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "தலைவர் காப்ப அவுக்காம நான் வரமாட்டேன். சாப்பிடவும் மாட்டேன்." சிறிய குரல்தான். ஆனால் பிடியை எடுக்க முடியவில்லை. கடைசியில் டாக்டர், "நாளைக்குக் காலையில கண்டிப்பாக் கூட்டிட்டு வாங்க, தள்ளிப் போடாதீங்க," என்று என்னிடம் சொல்லி அனுப்பினார்.

அன்று மாலையே சபைக்குப் போனேன். மறுநாள் மாநாடு என்பதால் நிர்வாகக் குழுவுக்கு விருந்து. சீனர் சைவக் கடையிலிருந்து வரவழைத்திருந்தார்கள்: சைவ வாத்து, சைவ மட்டன் பிரட்டல், நீளமாகப் படுத்திருந்த சைவ மீன் ஒன்று. எல்லாம் மாவும் சோயாவும். மீனுக்குக் கடற்பாசியில் தோல் போட்டு, கண் இருக்கும் இடத்தில் ஒரு பட்டாணியும் வைத்திருந்தார்கள். அது என்னையே பார்த்தது.

"ஐயா, டாக்டர் காப்ப அவுக்கச் சொல்றாங்க. பிள்ளை செத்துப் போயிடும்."

கிராணியார் வாத்தின் காலைக் கீழே வைக்காமலே யோசித்தார். "சபைச் சட்டத்துல காப்பு கட்ட பதினோரு விதி இருக்கு சன்னாசி. நானே எழுதினது. அவுக்க விதி கெடையாது."

"தைப்பூசத்துக்கு மத்த பிள்ளைங்களுக்கு அவுத்தீங்களே?"

"அது வழக்கம். சட்டம் இல்ல. வழக்கத்த ஒரு தடவை மீறியாச்சு, ஒங்க பிள்ளைக்காக. இப்ப மறுபடி வழக்கத்துக்குப் போனா சபைக்கு ஒரு கொள்கை இல்லன்னு ஆயிடும்."

பொருளாளர் ராஜு என் பக்கம் ஒரு கிண்ணத்தை நகர்த்தினார். "தொழில் தெரிஞ்ச ஆளு வந்திருக்காரு, கேட்டுருவோம். இது தொடையா, நெஞ்சா?"

"மாவுங்க."

"அது தெரியும்பா. எந்த எடம் மாதிரி இருக்குன்னுதான் கேக்குறேன்."

கிராணியார் வாயைத் துடைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். தோட்டத்தில் எடையைக் குறைக்கும்போது இதே குரல்தான். "நெசத்தச் சொல்றேன், வருத்தப்படாத. பிள்ளை மெலியறது காப்பால இல்ல. நீ வெட்டுற ஆடுங்க பாவம் அது மேல எறங்குது. அதுவும் தாங்கிக்கிட்டு நிக்குது. அதனாலதான் அது பெரிய பிள்ளை. நாளைக்கு மேடையில பேசட்டும். அப்புறம் அவுக்கிறதுக்கு விதி எழுத ஒரு துணைக்குழு போடலாம்."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பாதி வழி வரைக்கும் அதை நம்பிக்கொண்டே நடந்தேன். சைக்கிளைச் சபையிலேயே விட்டுவிட்டு வந்தது பிறகுதான் தெரிந்தது.

மறுநாள் ஞாயிறு. விடிகாலை வியாபாரத்தைப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகலாம் என்று கடைக்குப் போயிருந்தேன். திரும்பினால் வீடு பூட்டியிருந்தது. சபைக் கார் வந்து நவமணியைக் கூட்டிப் போய்விட்டது, காப்பை அவிழ்க்கச் சொல்லிக் காலில் விழப்போகிறேன் என்று நல்லம்மாளும் கூடவே ஏறிப் போனாள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். மறுபடி கடைக்கு ஓடினேன்; மதார் சாகிப்பே வேனை ஓட்டினார். நான் சட்டை மாற்றவில்லை.

மாநாட்டு மண்டப வாசலில் இரண்டு தொண்டர்கள் என் சட்டையின் ரத்தத்தைப் பார்த்துவிட்டு வழியை மறித்தார்கள்.

"அண்ணே, கறி ஆளுங்க மஞ்சத் தண்ணி தெளிச்சுக்கிட்டுத்தான் வரணும்."

"தெளிங்க."

"மஞ்சள் இன்னும் கரைக்கலண்ணே. கொஞ்சம் நில்லுங்க."

கரைத்தார்கள். அவர்கள் கரைத்து முடிக்கிற வரையில் உள்ளே கிராணியார் பேசுவதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். "இந்தப் பிள்ளைய நல்லா பாருங்க. எலும்பு தெரியுதா? அது எலும்பு இல்ல, ஒழுக்கம். நம்ம வீட்டுப் பிள்ளைங்கள்ல எத்தன பேருக்கு இப்படித் தெரியும்? நாலு மாசத்துல ஒரு பிள்ளைய இவ்வளவு தூரம் கொண்டுவந்திருக்கோம்னா, சபையோட ஒழைப்ப நீங்க நெனச்சுப் பாக்கணும்."

நான் உள்ளே போனபோது நவமணி ஒலிபெருக்கி முன்னால் நின்றிருந்தாள். கம்பளிச் சட்டைக்கு மேல் பட்டுத் துண்டு. "அன்புடைய பெரியோர்களே," என்றாள். அடுத்த வார்த்தையைத் தேடுகிறவள் போல மேலே பார்த்தாள். அப்படியே மடங்கி விழுந்தாள்.

கிராணியார் ஒலிபெருக்கியைப் பிடுங்கினார்.

"அருள் வந்திருக்கு. யாரும் தொடாதீங்க. உறுமி எங்க?"

உறுமி முழங்கியது. பாப்பா அம்மையார் சூடம் ஏற்றினார். பெண்கள் திருநீறு வாங்க வரிசை கட்டினார்கள். வரிசை ஒழுங்காக இருக்கத் தொண்டர்கள் கயிறு பிடித்தார்கள். முன்வரிசையில் ஒருவர் மேடை ஓரத்தில் முழந்தாளிட்டு, கண் சொருகிக் கிடந்த என் மகளிடம், "ஆத்தா, லாட்டரிக்கு நாலு நம்பர் மட்டும் சொல்லிடு," என்று கேட்டுக்கொண்டிருந்தார். நல்லம்மாள் பிள்ளையிடம் போகப் பார்த்தாள். வரிசையில் வரச் சொன்னார்கள்.

நான் வரிசையில் வரவில்லை. மேடைக்கு எப்படி ஏறினேன் என்பது எனக்கே சரியாகத் தெரியாது. சபையின் சரித்திரத்தில் மேடையேறிய முதல் கறிக்காரன் நான்தான் என்று பிறகு சொன்னார்கள். நவமணியின் முழங்கைக்கு மேல் காப்பு இறுகியிருந்தது. முடிச்சு வரவில்லை. குனிந்து பல்லால் கடித்தேன். மஞ்சளும் வியர்வையும் கசந்தன.

"கறி தின்ற வாய்," என்று பாப்பா அம்மையார் பின்னால் அலறினார். "கறி தின்ற வாய பிள்ளை மேல வச்சிட்டான்."

நூல் அறுந்தது. முழு ஆட்டைத் தோளில் போட்டு நடந்து பழகியவன் நான். அந்த நினைப்பில் பிள்ளையைத் தூக்கினேன். நான் கொடுத்த வேகத்துக்குக் கனம் இல்லாமல் தடுமாறிப் பின்னால் சாய்ந்தேன். சில பேர் எனக்கும் அருள் வந்துவிட்டது என்று கும்பிட்டார்கள். அதனால் வழி கிடைத்தது. வெளியே மதார் சாகிப் வேனின் பின்கதவைத் திறந்து, ஆட்டுத்தோல் மூட்டைகளை ரோட்டில் உருட்டிவிட்டுக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் குழாய் போட்டார்கள், ஊசி போட்டார்கள். இரண்டு நாள் டாக்டர் லத்தீபா என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் பார்த்து, பிள்ளை தேறிவிடும் என்றார்.

சபையிலிருந்தும் வந்தார்கள். பூங்கொத்து கொண்டுவந்திருக்கிறார்கள் என்று நான் எழுந்து நின்றேன். பட்டுத் துண்டைத் திரும்ப வாங்க வந்திருந்தார்கள். நவமணியின் பெயர் நீக்கப்பட்டதாகக் கிராணியார் கட்டில் பக்கத்தில் நின்றே அறிவித்தார். காப்பு முறிந்த பிள்ளை சபைக்கு ஆகாதாம்.

"துண்ட என்னா செய்வீங்க?" என்று கேட்டேன்.

"நம்ம ராஜு மக இருக்குல்ல, காவித் துண்டு வாங்கிருச்சு. கெட்டிக்காரப் பிள்ளை. நேத்துல இருந்து உப்ப விட்டிருக்கு," என்றார் கிராணியார். பக்கத்தில் நின்ற ராஜு தரையைப் பார்த்தார்.

"ராஜண்ணே," என்றேன். "மக கம்பளிச் சட்டை போட்டுக்கிட்டு நடுங்குதா?"

அவர் போகும்போது மற்றவர்களை முன்னால் விட்டுவிட்டு, லத்தீபா டாக்டரின் அறை எந்தப் பக்கம் என்று தாதியிடம் கேட்டார்.

நல்லம்மாளும் நானும் மாற்றி மாற்றிக் காவல் இருந்தோம். ஒரு சாயங்காலம் மதார் சாகிப்பின் மனைவி ஆமினா பச்சைப்பயறு கஞ்சி கொடுத்தனுப்பியிருந்தார். கறி படாத புதுச் சட்டியில் காய்ச்சியது, பிள்ளையிடம் மறக்காமல் சொல்லுங்கள் என்று இரண்டு தடவை சொல்லியனுப்பினாராம். சொன்னேன். நவமணி கிண்ணத்தைப் பார்த்தாள். கடிக்க வரும் நாயைப் பார்ப்பது போல.

"காப்பு போயிருச்சுப்பா. ஆனா இன்னும் வேணாம்னுதான் இருக்கு."

நூலை அறுத்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நினைத்திருந்தேன். மேடையேறி வேறு அறுத்திருக்கிறேன்.

"என்னா செய்யணும், சொல்லு ஆத்தா."

அவள் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள். "பள்ளிக்கூடத்துல எல்லாரும் பாத்தாங்க. சபையில பாத்தாங்க. இங்க மிசி பாக்குறாங்க, அம்மா அழுதுகிட்டே பாக்குறாங்க. நீங்களும் பாக்குறீங்க. வாயத் தொறக்க முடியலப்பா."

டாக்டர் சாப்பாட்டு நேரத்தில் பிள்ளை மேலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். நான் கண்டிப்பானவன் இல்லை. நாற்காலியைத் தூக்கிச் சுவரைப் பார்த்துப் போட்டு உட்கார்ந்தேன். எதிர்க்கட்டிலில் இருந்த சீன அம்மா, இவனுக்கும் ஒரு கட்டில் தேவைப்படும் என்கிற மாதிரி என்னைப் பார்த்தார். சுவரில் பல்லி கூட இல்லை. பச்சைச் சாயம், ஒரு ஆணி. ஆணியைப் பற்றி என்னென்ன நினைக்கலாமோ அத்தனையும் நினைத்து முடித்தேன்.

பின்னால் கரண்டி கிண்ணத்தில் பட்டது. வெகுநேரம் ஒன்றும் இல்லை. மறுபடியும் பட்டது.

நான் திரும்பவில்லை.